வேப்பமரத்தடியில் விலகிய முள்

நண்பா,

இன்று காலை உன் பித்தளைக் காம்பஸைத் துடைத்து மேசையில் வைத்தேன். போன மாதம் உன் காரியம் முடிந்ததும், "உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு" என்று உன் மனைவி என் கையில் கொடுத்தது. பக்கத்தில் கைப்பேசியை வைத்தேனோ இல்லையோ, முள் வடக்கை விட்டு விலகிக்கொண்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கும்மிடிப்பூண்டிப் பக்கம் நாம் பட்ட பாடு நினைவுக்கு வந்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம், ஆடி மாதம். தொழிற்பேட்டைக்கு எடுத்த நிலத்தில் எல்லை குறிக்க நாம் இரண்டு சர்வேயர்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. வேப்பமர நிழலைக் கண்டதும் இருவருக்கும் புத்தி மழுங்கி, அங்கேயே காம்பஸை நிறுத்திக் கோணம் பார்த்தோம். சங்கிலி பிடித்து முளை அடித்துக்கொண்டே போனால், கூலிக்குப் போகிறவர்கள் தெருவின் ஒரே குடிதண்ணீர்க் கிணறு கம்பெனிப் பக்கம் போய்விட்டது.

அந்தத் தெரு முனியம்மா ஓடிவந்தாள். "அய்யா, கெணறு கம்பெனி மதிலுக்குள்ள பூடுச்சின்னா நாங்க எங்க போய் தண்ணி மொண்டுக்கினு வர்றது?"

"கல்லை நட்டுட்டுக் கிளம்புங்கய்யா" என்றார் ஜீப்பில் இருந்த அதிகாரி. நீ காதில் வாங்கவில்லை. காம்பஸைத் தூக்கிக்கொண்டு கோட்டின் மறுமுனைக்குப் போய், அங்கிருந்து வேப்பமரத்தைத் திரும்பிப் பார்த்தாய். போகும் கோணத்துக்கும் திரும்பும் கோணத்துக்கும் சரியாக அரைவட்டம், அதாவது நூற்றெண்பது டிகிரி, வித்தியாசம் இருக்க வேண்டும். இல்லை.

"இன்னாபா இது, ஒத்துக்கினு வரலியே!" என்று கத்திக்கொண்டே வந்தாய். மரத்தடியில் மஞ்சள் துணியும் வேப்பிலையும் சுற்றிப் புதர்போல் நின்றதைக் காட்டி, "உள்ள இன்னாமா கீது?" என்றாய்.

"சூலம் அய்யா. வேண்டுதலுக்கு நட்டது. வருசா வருசம் ஒண்ணு."

அத்தனை இரும்பு பக்கத்தில் இருந்தால் முள் எப்படி வடக்கே நிற்கும்? இதில் கூத்து என்னவென்றால், காம்பஸைத் தொடுமுன் இடுப்புச் சாவிக்கொத்தைக்கூடக் கழற்றி வைத்தவர்கள் நாம்!

அதிகாரி முறைத்தார். "சார், அம்மன் முள்ளைப் புடிச்சி இழுத்துக்கினு இருக்கா. திருப்பி அளக்காம கல்லு நட மாட்டேன்" என்று நின்றுவிட்டாய். சூலத்தில் யாரும் கை வைக்கவில்லை. மறுமுனையிலிருந்தே கோட்டைத் தொடங்கினோம். பொழுது சாய்வதற்குள் கிணறு தெருவோடு சேர்ந்துவிட்டது. முனியம்மா அப்போதே ஒரு குடம் இறைத்து நம் கைகளில் ஊற்றினாள்.

உன்னைப்போல ஒரு பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை, பெருமையாகவே சொல்கிறேன். அதற்குப் பிறகு மகள் கல்யாணமோ வீடு வாங்குவதோ, எதிர்ப்பக்கம் போய் நின்று ஒருமுறை பார்க்காமல் நான் சரி என்று சொன்னதில்லை. இன்றும் அப்படித்தான்.

கைப்பேசியைத் தள்ளி வைத்ததும் முள் வடக்குக்குத் திரும்பியது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கும்மிடிப்பூண்டிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

கம்பெனி மதில் நாம் நட்ட கல்லை ஒட்டியே போகிறது. அதற்கு வெளியே, கிணற்று மோட்டார் ஓட, ஒரு பெண் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு உன்னைத் தெரியாது. கையை நீட்டினேன், ஊற்றினாள். உன் பங்கையும் சேர்த்துக் குடித்தேன்.