துவைக்காத பதினோராவது வேட்டி

நண்பா,

இன்று காலை பீரோவிலிருந்து உன் வேட்டியை வெளியே எடுத்தேன். பாலித்தீன் உறையைப் பிரித்ததுமே கருகிய இரும்பின் வாடை மூக்கில் ஏறியது. இத்தனை வருஷம் பூட்டி வைத்தும் போகவில்லை. இரண்டு தும்மல் போட்டேன். அதற்குப் பிறகு கண்ணில் வந்த தண்ணீரைத் தும்மல் கணக்கில் சேர்க்க முடியாது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைச் சுவரை ஒட்டிய நம் தெருவில், இரும்பு உருக்கும் ஆலைக்கு நேர் எதிரே லாண்ட்ரி வைக்க உனக்கு எப்படித் தோன்றியதோ! காலையில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை மத்தியானம் சாம்பல் நிறத்தில் இறங்கும். வாடிக்கையாளர்கள் உன்னைத்தான் திட்டுவார்கள். "நைனா, நான் ஒருவாட்டி வெளுக்கறேன், அவன் ரெண்டுவாட்டி அழுக்காக்கறான். எனக்கு இன்னா நாலு கையா கீது?" என்பாய்.

அந்த ஆலை இரண்டாவது உலை போட அனுமதி கேட்டது. கருத்துக் கேட்புக் கூட்டம் என்று தண்டோரா போட்டார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. நீதான் விடவில்லை. "இப்பவே படுத்தா மூச்சு முட்டுது, ஒக்காந்துக்கினுதான் தூங்கறேன். இன்னொரு உலை வந்தா நின்னுக்கினுதான் தூங்கணும்" என்றாய். சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யோசனையும் உன்னுடையதே. கொடுத்துவிட்டு வாங்க வராதவர்களின் வேட்டிகள் பத்தை எடுத்தாய். தினம் ஒன்றை மாடியில் காயப்போட்டு, சாயங்காலம் கரியோடு மடித்து, லாண்ட்ரிக் குறி போடும் அழியாத மையால் ஓரத்தில் தேதி எழுதினாய். ஆலைக்காரர்களிடம் கருவி இருக்கிறது, நம்மிடம் வேட்டி இருக்கிறது என்று நான் மனுவில் எழுதினேன். அந்த வரியை எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது.

கூட்டம் கல்யாண மண்டபத்தில் நடந்தது. ஆலைக்காக அறிக்கை தயாரித்தவர் ஒரு மணி நேரம் ஆங்கிலத்தில் வாசித்தார். கடைசியில் எல்லாம் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது என்று மட்டும் தமிழில் சொன்னார். பிறகு நீ மேடை ஏறி, கூட்டம் நடத்த வந்த அதிகாரியின் முன்னால் வேட்டி மூட்டையைப் பிரித்தாய்.

பத்து வேட்டியும் பளபளவென்று இருந்தன. நீலம் போட்டு, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாத இஸ்திரி. தேதி மட்டும் அப்படியே இருந்தது. பெண்கள் வரிசையிலிருந்து உன் மனைவி வசந்தா பெருமையாக எழுந்தாள். "ஒரே அழுக்கா கெடந்துச்சு. மீட்டிங்குக்கு எடுத்துக்கினு போறாரே, நல்லா இருக்க வாணாவான்னு நேத்து நான்தான் தொவைச்சு வெச்சேன்!"

அவளை என்ன சொல்வது? லாண்ட்ரியில் அழுக்கு மூட்டை கிடந்தால் யாராயிருந்தாலும் துவைக்கத்தான் செய்வார்கள். "காத்து எவ்ளோ சுத்தம், பாருங்க சார்" என்று ஆலை மேலாளர் குதித்தார். பின்வரிசையில் ஒருவர், "யோவ், அந்த நாலாவது வேட்டி என்னுதுய்யா!" என்று கத்தினார்.

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஒன்றை வெளியே கொடியில் கட்டிப் பார்க்கலாம் என்றார். கட்டினோம். சாயங்காலம் வரை ஒரு பொட்டுக் கரி விழவில்லை. அன்று காலையிலிருந்தே புகைபோக்கி விரதம் இருந்தது. நீ கையெடுத்துக் கும்பிட்டாய். "சார், நீங்க வந்தா பொகை நின்னுடுது. எங்க ஊட்டு மாடி காலியாத்தான் கீது. வாடக வாணாம். குடும்பத்தோட குடி வந்துடுங்க சார்."

மண்டபமே சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். கூட்டம் சுமுகமாக நடந்ததாக எழுதிக்கொண்டு போனார். இரண்டாவது உலை வந்துவிட்டது.

கூட்டத்துக்கு மறுநாள் புகை திரும்பியதுமே பதினோராவது வேட்டியை மாடியில் காயப்போட்டாய். சாயங்காலமே அதை உறையில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தாய். "எங்க ஊட்ல வெச்சா வசந்தா தொவைச்சுடும். உங்க ஊட்ல பத்து வருசமானாலும் எவனும் ஒரு துணியத் தொட மாட்டான்." என் மனைவி உன்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "சிகரெட் பிடிப்பீங்களா?" என்று கேட்டபோதும் நீ அடங்கவில்லை. "நான் புடிக்கல சார், எதிர் ஊட்டுக்காரன் புடிக்கறான்." அதைச் சொல்லி முடிக்க மூன்று தடவை மூச்சு வாங்கினாய். நீ போனதில் எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். இன்னும் ஆறவில்லை.

இப்போது மூன்றாவது உலை கேட்கிறார்கள். நாளைக்குக் கூட்டம், அதே மண்டபம். வேட்டியை எடுத்துக்கொண்டு உன் லாண்ட்ரிக்குப் போனேன். வசந்தா விரித்துப் பார்த்தாள். அவள் விரல் கரியைத் தேய்க்கப் போய், பாதியில் நின்றது.

"நாளைக்கு நானே எடுத்துக்கினு வரேண்ணே" என்றாள்.

"தொவைச்சுட மாட்டியே?" கேட்டே விட்டேன்.

சிரித்தாள். "அவரு கடைசியா போட்டுக்கினு இருந்த சட்டையே இன்னும் தொவைக்கலண்ணே. அப்படியேதான் வெச்சுக்கினு கீறேன்."

நாளைக்கு நாங்கள் இருவரும் முதல் வரிசையில் உட்காருவோம். வேட்டியை அவள் பிரிப்பாள். மாடி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்று அதிகாரியிடம் நான் சொல்கிறேன்.