எதிர்க் கிண்ணத்தில் கேட்ட குரல்

அன்புள்ளவளுக்கு,

நலம்தானே? அத்தை இப்போது தானாக எழுந்து நடக்கிறார்களா? இங்கே மூவரும் சுகம்.

போன வாரம் வேலைக்கு லீவு என்பதால் பிள்ளைகளை அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். குடும்ப நாளாம், எள் விழ இடமில்லை. பெரியவனுக்கு ஷூ கட்டிவிட்டு நிமிர்ந்தால் சின்னவளைக் காணோம். கொஞ்ச நேரம்தான், பயப்படாதே.

கூடத்தின் இரு கோடியிலும் ஒன்றையொன்று பார்த்தபடி நிறுத்திய ஆளுயரக் கிண்ணங்கள். ஒன்றில் மெல்லப் பேசினால் மற்றதில் கேட்கும். எங்கள் பக்கத்துக் கிண்ணத்தில் காது வைத்த பெரியவன், "அப்பா, பாப்பா பேசுறா" என்றான்.

நானும் கேட்டேன். "அம்மா, எப்ப வருவே?" என்றாள். தூரத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும் என்று யாரோ சொன்னதை நம்பியிருக்கிறாள்.

"சீக்கிரம் வரேன் கண்ணு, அங்கயே இரு" என்று கிசுகிசுத்துவிட்டு ஓடிப்போய்த் தூக்கினேன்.

சீக்கிரம் வருவதாகக் கிண்ணத்தில் நீதான் சொன்னாய் என்று நம்பி, தினமும் வாசலில் நிற்கிறாள். எனக்கு அவள் சடையும் கோணலாகத்தான் வருகிறது. என்றைக்கு வருகிறாய் என்று எழுது. பால் பொங்குகிறது, முடிக்கிறேன்.

உன்னவன்