கோட்டின் மேல் நிற்கும் வீடு

ஹெல்மர் ஓடை, ஆல்பர்ட்டா
மார்ச் 3, 1959

அன்பு மகள் சிக்னேவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், இல்லையென்றால் தந்தி வந்திருக்கும். அம்மா பின்னிய கையுறை தனிப் பொட்டலமாக வருகிறது, அழகாக இல்லை என்று பெட்டிக்குள் போட்டு வைக்காதே, மொன்றியால் குளிருக்கு அழகு தெரியாது. நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: வீடு தப்பித்துவிட்டது. இனி நிதானமாகப் படி.

கல்யாணம் முடிந்ததும் நீயும் டனிலோவும் குடியேற அந்தப் பழைய வீடுதான் வேண்டும் என்று எழுதினாயே, அன்றிலிருந்து எனக்கும் உன் வருங்கால மாமனார் பெட்ரோவுக்கும் சரியான தூக்கம் இல்லை. புது நெடுஞ்சாலை நேராக அதன் மேல்தான் வருகிறது. வசந்தத்தில் சாலைக்காரர்கள் வந்தால் ஒரே தள்ளில் தள்ளிவிடுவார்கள். தரை உறைந்து கிடக்கும்போதே சறுக்குக் கட்டைகளில் ஏற்றி டிராக்டரால் இழுத்துவிட வேண்டும், பனி இளகிவிட்டால் நம் ஊர்க் களிமண்ணில் வாத்துகூட நடக்காது. வீட்டைக் கட்டைகளில் ஏற்றி முடித்தோம். எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதில்தான் சண்டை. எங்கள் இரண்டு நிலத்துக்கும் நடுவிலுள்ள எல்லைக்கோட்டோடு வடக்கே இழுத்துப் போய் மேற்கே திரும்பினால் நம் மேடு, கிழக்கே திரும்பினால் அவர்கள் மேடு. நான் மட்டக்கருவி வைத்துப் பார்த்தேன், நம் மேடுதான் உயரம், இதில் பேச என்ன இருக்கிறது. பெட்ரோ கேட்டால்தானே. உன் கருவியைக் கோழிக்கூட்டுக்கு வச்சுப் பாருடா, பொண்ணு மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் வரணும் என்றான். உன் மேட்டுல வருஷா வருஷம் தண்ணி நிக்குது, என் பொண்ணு என்ன தவளையா என்று கேட்டேன். இப்படியே வாரக்கணக்கில் போயிற்று.

அந்த வீட்டின் கதையை உன் விடுதித் தோழிகள் நம்பவில்லை என்று எழுதியிருந்தாய். இதை அவர்களுக்குப் படித்துக் காட்டு. சர்க்கார் இலவசமாகக் கொடுத்த நிலத்தில் அவரவர் வீடு கட்டிக் குடியிருந்தால்தான் பட்டா. உன் தாத்தா நில்ஸிடமும் பெட்ரோவின் அப்பா இவானிடமும் சேர்ந்தே ஒரு வீட்டுக்குத்தான் மரம் இருந்தது. இவர் பேசும் நார்வேக்காரப் பேச்சு அவருக்குப் புரியாது, அவர் பேசும் உக்ரேனியம் இவருக்குப் புரியாது, ஆனாலும் எல்லைக்கோட்டின் மேலேயே ஒரு வீட்டைக் கட்டி, தரையின் நடுவில் தார்க்கோடு போட்டு, இந்தப் பக்கம் ஒரு கட்டில் அந்தப் பக்கம் ஒரு கட்டில், நடுவில் அடுப்பு என்று சட்டப்படி குடியிருந்தார்கள். ஒரு குளிர்காலத்தில் இவான் பக்கத்துச் சுவர் பிளந்து பனி உள்ளே கொட்டியது. அவர் கட்டிலை நம் பக்கம் இழுத்துப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது குடியிருப்பைச் சோதிக்கும் அதிகாரி வந்துவிட்டார். தாத்தா யோசிக்கவே இல்லை. கட்டிலோடு, தூங்கும் ஆளோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் இழுத்துவிட்டார். அதிகாரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒன்றும் பார்க்காதவர் போலக் கையெழுத்துப் போட்டாராம். அந்தக் கட்டில் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை காலையில் காற்றழுத்தமானி மளமளவென்று இறங்கியது. மலையிலிருந்து இறங்கும் சூட்டுக் காற்று, சினூக், வரப்போகிறது, வந்தால் சில மணி நேரத்தில் பனியெல்லாம் தண்ணீர். பெட்ரோவைத் தொலைபேசியில் கூப்பிட்டு உடனே கிளம்பு என்றேன். எந்த மேட்டுக்குன்னு சொல்லு, கிளம்புறேன் என்றான். மறுபடியும் ஆரம்பித்துவிட்டோம். நம் பாதையில் எல்லா வீட்டுக்கும் ஒரே தொலைபேசிக் கம்பி என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். நடுவில் பக்கத்துப் பண்ணைத் தோரா கிழவியின் குரல் வந்தது: அடேய், ரெண்டு பேரும் வாயை மூடிட்டு மேற்கே பாருங்கடா, வானத்துல சினூக் மேக வளைவு விழுந்தாச்சு, வீட்டை இழுக்கப் போறீங்களா இல்ல பேசியே உருக வைக்கப் போறீங்களா? உடனே இன்னொருவன், என் டிராக்டர் எஞ்சினைச் சூடாக்கி வச்சாச்சு ஆர்னே, சங்கிலியை எடுத்து வை என்றான். அதற்குப் பிறகு யார் யாரோ. இத்தனை பேர் எங்கள் சண்டையைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

வீடு கிளம்பியது பார், நீ இருந்திருக்க வேண்டும். உன் வருங்கால மாமியார் ஒலேனா வீட்டுக்குள்ளிருந்து இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். இத்தனை ஆம்பளைங்களுக்கு யாரு சோறு போடுறது என்று அடுப்பை மூட்டி பீட்ரூட் சூப்பை ஏற்றிவிட்டாள், உன் அம்மாவும் கூட. அது ஆபத்து என்று கத்தினேன், ஜன்னலிலிருந்து கரண்டியை ஆட்டினார்கள். புகைக்கூண்டில் புகையோடு ஒரு வீடு வெள்ளைப் பனியில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. பாதி தூரத்தில் காற்று வந்து அடித்தது. மேல்கோட்டைக் கழற்றினோம், பிறகு கம்பளிச் சட்டையைக் கழற்றினோம், காலுக்கடியில் பனி கூழாகிவிட்டது. மேற்கா கிழக்கா என்று திரும்ப வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிகிறது, அதற்கு முன்னாலேயே கட்டைகள் சேற்றில் இறங்கிவிட்டன. எல்லா டிராக்டரும் சேர்ந்து உறுமியும் அசையவில்லை. உன்னாலதான் என்று நான் கத்த, உன் கருவியாலதான் என்று அவன் கத்த, தோரா கிழவி வந்து எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு சூப்புக் கிண்ணத்தைத் திணித்தாள். பிறகு யாரோ அக்கார்டியன் கொண்டுவந்தார்கள். சேற்றுக் காலோடு அந்தச் சின்ன வீட்டுக்குள் ஊரே ஆடியது. தரை தாங்கியது, நான் சோதித்துப் பார்த்துக்கொண்டேதான் ஆடினேன்.

மறுநாள் காற்று நின்று குளிர் திரும்பியது, கட்டைகள் சிமெண்டில் பதித்தது போல இறுகிவிட்டன. கருவியை வைத்து அளந்தேன். சாலை இங்கிருந்து வெகு தூரம், அந்தக் கவலை தீர்ந்தது. இடமும் நல்ல மேட்டுப்பாங்கு, தண்ணீர் நிற்காது. எல்லைக்கோடு தாத்தா போட்ட தார்க்கோட்டை ஒட்டியே ஓடுகிறது. நான் சொன்னதும் பெட்ரோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான், நிறுத்தவே இல்லை. அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு. மண் இளகியதும் கல் அடித்தளம் போட்டுத் தூக்கி நிறுத்துகிறேன், படம் வரைந்தாயிற்று.

உடனே கட்டில் யார் பக்கம் என்று அடுத்த சண்டை. அவன் கிழக்கே தள்ளினான், நான் மேற்கே தள்ளினேன். ஒலேனா பார்த்தாள், சம்பந்தி, ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க என்று சொல்லிக் கட்டிலைக் கோட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டாள். தலைமாடு நம் நிலத்தில், கால்மாடு அவர்கள் நிலத்தில். எனக்குச் சந்தோஷம். பெட்ரோ முகம் தொங்கிப்போய், நம்ம பக்கம் வெறும் காலா என்றான். ஒலேனா சொன்னாள்: தினமும் காலைல எழுந்ததும் பிள்ளைங்க முதல்ல கால் வைக்கப்போறது நம்ம மண்ணுலதான்யா. அவன் தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்தினான்.

டனிலோவுக்கு நீயே எழுதிவிடு, அவன் அப்பா பேனா பிடிக்கிற ஆள் இல்லை. பரீட்சையை முடித்துவிட்டு வா, முடிக்காமல் வராதே. ரயில் ஏறுமுன் தந்தி கொடு, தொலைபேசியில் சொல்லாதே, ஊரே ஸ்டேஷனுக்கு வந்துவிடும். கடவுள் உன் கூடவே இருந்து காப்பாற்றட்டும். அம்மாவின் முத்தங்கள்.

உன் அப்பா,
ஆர்னே ஹாக்ஸ்டட்

தலைமாடு நம் பக்கம் என்பதை மறக்காதே. டனிலோ குறட்டை விட்டால் அது நம் நிலத்தில் விடுகிற குறட்டை, நான் தட்டிக் கேட்பேன்.