மாமா நிக்கிறாரு

எந்த ஹாரன் கேட்டாலும் எனக்கு நினைவுக்கு வருகிற தம்பி சவரிக்கு,

பழனி ரோட்டில், பட்டப்பகலில், கையை நீட்டி நின்றுகொண்டிருந்த உன்னை ஒரு கார் அடித்துப் போட்டது. அது முதல் அநியாயம். நின்றுகொண்டிருந்த உன்னைக் ‘குறுக்கே பாய்ந்தவர்’ என்று அந்தக் காரை ஓட்டியவன் கோர்ட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறான். அது இரண்டாவது. முதலாவதை மாற்ற எனக்குச் சக்தி இல்லை. இரண்டாவதை நான் விடுவதாக இல்லை.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் அவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீ டிராபிக் போலீஸ். நான் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறவள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், தையலும் வாசிப்பும் நானாகக் கற்றுக்கொண்டது. உன் இலாகா பரீட்சைக்கு நீ வாங்கிய சாலை விதிப் புத்தகத்தை உன்னைவிட நான்தான் அதிகம் படித்தேன். “ஏன்க்கா, பரீட்சையும் நீயே எழுதிரு” என்பாய்.

அன்று தை மாதத்துக் காலை. பழனிக்கு நடந்து போகிற கூட்டம் ரோட்டோரமாக வந்துகொண்டே இருந்தது. ஊரைத் தாண்டி ஒரு வளைவில், அவர்கள் மறுபக்கம் கடக்கிற இடத்தில், உன்னை நிறுத்தியிருந்தார்கள். உன்னோடு நின்ற ஊர்க்காவல் படைப் பையன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தான். ஒரு கூட்டம் ரோட்டில் இறங்கியது. நீ கையை நீட்டினாய். அப்போது உன் கையில் அபராத ரசீதுப் புத்தகம்கூட இல்லை, தெரியுமா? அது பைக்கில்தான் இருந்தது.

கடந்தவர்களைப் பிறகு கேட்டோம். “சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பாத்தோம்” என்றார்கள். கண்ணால் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. அதனால்தான் அவன் சொன்னது நிற்கிறது.

நீ போன பிறகு எனக்கு ஒரு புத்தி வந்திருக்கிறது. அளவெடுக்க வருகிற ஒவ்வொரு டிரைவரையும் உட்காரவைத்துக் கேட்கிறேன். ஏன் இந்த வேகம்? போலீஸ் என்றால் ஏன் இந்த வெறுப்பு? கோபமாகக் கேட்டால் பதில் வராது. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டால் வருகிறது.

ஒரு தனியார் பஸ் டிரைவர் சொன்னார்: “எனக்கு முன்னால போறவன் ஸ்டாப்புல நிக்கிற ஆளுகளை எல்லாம் அள்ளிட்டுப் போயிருவான்க்கா. நான் காலி பஸ்ஸைக் கொண்டுபோயி ஓனர்கிட்ட என்னன்னு சொல்றது?” இது புரிந்தது. ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர், நல்ல மரியாதையான மனிதர், “மெதுவாப் போனா தூக்கம் வருதுங்க” என்றார். இது புரியவில்லை. கார் வைத்திருக்கிற ஒரு பையன், “ஏசியப் போட்டு கண்ணாடிய ஏத்திட்டா வேகமே தெரியாது ஆத்தா. வெளிய நிக்கிறவங்களுக்குத்தான் வேகம்” என்றான். வெளியே நிற்கிறவர்களுக்குத்தான் வேகம்.

போலீஸைப் பற்றிக் கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். “அவங்க மறைஞ்சுல்ல நிக்கிறாங்க. புளியமரத்துக்குப் பின்னால இருந்து பொசுக்குன்னு பாயுறாங்க.” அதில் உண்மை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முன்பு நானே உன்னிடம் கேட்டிருக்கிறேன், ஏன்டா ஒளிஞ்சு நிக்கிறீங்க என்று. “தெரிய நின்னா என் முன்னாடி மட்டும் உருட்டிட்டுப் போறாங்கக்கா. என்னையத் தாண்டுனதும் பறக்குறாங்க” என்றாய். அந்தப் பதிலும் சரியாகத்தான் பட்டது. இரண்டு பக்கமும் சரி என்றால் தப்பு எங்கே இருக்கிறது, சவரி?

கை நீட்டினால் காசுக்குத்தான் என்கிறார்கள். உங்கள் ஆட்களில் வாங்குகிறவர்கள் உண்டு, அது எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும். நீ வாங்கினாயா? அதை நான் கேட்கவே இல்லை. இப்போது கேட்டால் யார் சொல்வது?

இன்னொன்றும் கவனித்தேன். இந்த ரோட்டில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காதவர்கள், முந்த இடம் தராதவர்கள், கண்ணாடியை இறக்கிக் கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள், ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே குடும்பமாகிவிடுகிறார்கள். முன்னால் போலீஸ் இருந்தால் எதிரே வருகிறவனுக்கு லைட் அடித்துக் காட்டுகிறார்கள். அதற்குப் பொருள் “மாமா நிக்கிறாரு.” முன்பின் தெரியாதவன், முகம்கூடத் தெரியாது, அவனுக்கு ஓர் உதவி. முன்னால் பள்ளம் இருக்கிறது, பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று யாராவது இப்படி லைட் அடித்துப் பார்த்திருக்கிறாயா?

‘மாமா’ என்ற அந்தச் சொல்லுக்கு ஓர் அசிங்கமான பொருள் இருக்கிறது. அதையும் மனதில் வைத்துத்தான் சொல்கிறார்கள். நீ மட்டும் கோபப்படமாட்டாய். “ஊர்ல அம்புட்டுப் பேருக்கும் நான் தாய்மாமன்க்கா. என்ன ஒண்ணு, சீர் மட்டும் எதிர்ப்பக்கம் இருந்து எனக்கு வருது” என்று சிரிப்பாய். லோடு வண்டி ஓட்டுகிற என் மகன் அந்தோணிக்கு நீ நிஜமாகவே தாய்மாமன். அவனும் ரோட்டில் நிற்கிற உன் ஆட்களை மாமா என்றுதான் சொல்வான். அந்த ஒரு சொல் என்ன செய்தது என்று இனிமேல்தான் சொல்லப் போகிறேன். இது உனக்கும் தெரியாது.

நீ விழுந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் அந்தோணியின் கூட்டாளி பாண்டியின் வெல்டிங் பட்டறை. சத்தம் கேட்டு ஓடி வந்தவன் உன்னைப் பார்த்ததும் அந்தோணிக்குப் போன் போட்டிருக்கிறான். அந்தோணி காய்கறி லோடை ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தான். உன்னைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போக அதைவிடத் தோதான வண்டி இல்லை.

“ஏலே அந்தோணி, எங்கடா வார?”

“ரெட்டியார்சத்திரம் வந்துட்டேன். ஏன்டா?”

“இங்க எங்க பட்டறைக்கு முன்னால ரோட்டுல மாமாடா…”

அவ்வளவுதான் அந்தோணி காதில் ஏறியது. அவன் வண்டிக்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று காலாவதியாகியிருந்தது, போலீஸ் பார்த்தால் பிடிப்பார்கள். “சொன்னியே ராசா, நல்லா இருப்ப. நான் கன்னிவாடிப் பக்கம் சுத்தி வந்துக்கிறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். பாண்டி திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறான். வண்டி ஓட்டும்போது போன் பேசினால் அதற்கும் பிடிப்பார்களே என்று இவன் எடுக்கவில்லை. கன்னிவாடியில் இறங்கி டீ குடித்திருக்கிறான், சவரி. உன்னை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பாண்டி ‘சவரி மாமா’ என்று சொல்லியிருக்கலாம். சின்ன வயதிலிருந்து அவனுக்கும் நீ வெறும் மாமாதான். பேர் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. அந்தோணி நேரே வந்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா? ஆஸ்பத்திரியில் கேட்டேன். “அதை யாரும் சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டர். அந்தோணி இதை என்னிடம் அவனாகவே சொல்லி அழுதான். அவன் மேல் தப்பில்லை என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தான். நான் சொல்லவில்லை. மனதில் வராததை எப்படிச் சொல்வது? சோறு போட்டேன். சாப்பிட்டான். இப்போது வண்டிக்கு எஃப்.சி. எடுத்துவிட்டான். யாருக்கும் லைட் அடிப்பதில்லை. “என்னடா, போலீஸ்காரனுக்குச் சொந்தம்னா இப்படியா?” என்று ஸ்டாண்டில் திட்டுகிறார்களாம்.

இனி கோர்ட்டு விஷயம்.

போன வாய்தாவுக்குப் போனேன். அந்தக் காரை ஓட்டியவனும் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். பேர் வேண்டாம். நாற்பதுக்குள் இருக்கும், சொந்தமாகக் கடை வைத்திருக்கிறவன், சட்டையை நன்றாக மடித்துவிட்டிருந்தான். நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போகப் பார்த்தான்.

“உக்காரப்பா. சண்டைக்கு வரல. எனக்கு ஒண்ணு தெரியணும். அன்னைக்கு என்ன அவசரம் உனக்கு?”

“அவசரம்லாம் இல்லம்மா. பழனி தாண்டி நெய்க்காரப்பட்டியில எம்மகளுக்குக் காது குத்து. மச்சினனை ரயில்ல இருந்து கூட்டிக்கிட்டுப் போனேன். நேரம் கிடந்துச்சு.”

“லைசென்ஸு?”

“இருந்துச்சு.”

“இன்சூரன்ஸு?”

“எல்லாம் கரெக்டா இருந்துச்சும்மா. பெல்ட்டுகூடப் போட்டிருந்தேன்.”

“அப்புறம் ஏம்ப்பா நிக்கல?”

இந்தக் கேள்வியை இதுவரை யாருமே அவனிடம் கேட்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. வக்கீல் கேட்டிருக்கமாட்டார். அவருக்கு இந்தப் பதில் தேவையில்லை.

“மச்சினன் பக்கத்துல உக்காந்திருந்தான்ம்மா. அவன் முன்னால ஒரு போலீஸ்காரர் ஓரங்கட்டச் சொல்லி, நான் இறங்கிப் போயி, சார் சார்னு நிக்கிறதா? ஊருக்குப் போனா என் மாமனார் வீட்டுல இதையே சொல்லிச் சிரிப்பான். எதிர்ல வந்த வண்டிக்காரன் லைட் அடிக்கவும் தெரிஞ்சு போச்சு, மாமா நிக்கிறாருன்னு. பாரு மாப்ள, எப்படி வண்டிய ஒடிச்சுத் தாண்டுறேன்னு நான் சொன்னேன்…”

“லைட் அடிச்சது எங்க வச்சு?”

“வளைவுக்கு முந்தி ஒரு பாலம் வருமே, அதுக்கு முன்னாடியே.”

“பாலத்துக்கு முன்னாடியே உனக்குத் தெரியும், அவரு நிக்கிறாருன்னு.”

அவன் சட்டென்று எழுந்தான். வக்கீல் வந்து அவன் தோளைத் தொட்டுக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே போய், பழைய சொல்லையே சொன்னான். திடீரென்று குறுக்கே பாய்ந்தாராம்.

உன் மேல் அவனுக்குப் பகை இல்லை, சவரி. உன்னை அவன் பார்த்ததே இல்லை. பயமும் இல்லை, பயப்பட ஒரு காரணமும் அவன் வண்டியில் இல்லை. ஒரு மச்சினன் முன்னால் மானம் போய்விடக் கூடாது. இதற்காகவா? இத்தனை நாள் நான் தேடிய பதில் இவ்வளவு சின்னதா? மகளை மடியில் உட்காரவைத்துக் காது குத்தவேண்டிய மாமனை ஏற்றிக்கொண்டு போனவன், இன்னொருத்தியின் மகனுக்கு மாமனாக இருந்தவனை அடித்துப் போட்டான். வண்டியைப் பிடிக்கக் கை நீட்டுகிறாய் என்று அவன் நினைத்தான். நீயோ, அவன் மகள் வயதில் நடந்து வந்த பிள்ளைகளுக்காக நீட்டினாய். இரண்டுக்கும் ஒரே கைதானே? தூரத்திலிருந்து வித்தியாசம் எப்படித் தெரியும்?

அரசு வக்கீலிடம் சொன்னேன். நல்ல மனிதர். “நீங்க அவங்க கூடப்பிறந்தவங்க. நீங்க சொன்னா எடுபடாதும்மா. அந்த லைட் அடிச்ச ஆளு வந்து சொன்னாருன்னா கதையே வேற” என்றார்.

ஆகவே, செய்யவேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன்.

அந்தக் காருக்கு லைட் அடித்த வண்டிக்காரர் வரவேண்டும். தை மாதம், காலை நேரம், பழனிப் பக்கமிருந்து திண்டுக்கல்லுக்கு வந்த வண்டி. உங்களைக் குறை சொல்லமாட்டேன். நீங்கள் லைட் அடித்ததற்கு அர்த்தம், என் தம்பி நின்றுகொண்டிருந்ததை உங்கள் கண்ணால் பார்த்தீர்கள் என்பதுதான். முகம் தெரியாத ஒருவனுக்கு உதவினீர்கள். செத்தவனுக்கும் அதே உதவியைச் செய்யுங்கள்.

அந்த மச்சினன் வாயைத் திறக்கவேண்டும். மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளைக்கு அவர் கொடுக்கிற பெரிய சீர் அதுதான்.

சவரியின் அதிகாரிகள் நடந்து போகிறவர்களுக்காக நிறுத்தும் ஆளைத் தனியாக நிறுத்தக் கூடாது. ரோட்டை மறித்துத் தடுப்பு வைக்கவேண்டும். வண்டி பிடிக்க நிற்பவர் யார், வழிவிடச் சொல்லி நிற்பவர் யார் என்று தூரத்திலேயே தெரிய வேண்டும். மரத்துக்குப் பின்னால் ஆளை நிறுத்துவதை விடுங்கள். நீங்கள் ஒளிந்து நின்று பாய்ந்த நாட்களால்தான் ‘பாய்ந்தார்’ என்ற பொய்யை இன்று எல்லோரும் நம்புகிறார்கள்.

பாண்டி கோர்ட்டுக்கு வந்து, நீ விழுந்து கிடந்த இடம் ரோட்டின் ஓரம் என்று சொல்லவேண்டும். வருகிறேன் என்றிருக்கிறான். அந்தோணிதான் அவனைக் கூட்டிவர வேண்டும். தேதி மறக்கக் கூடாது.

என் வேலை பாக்கி இருக்கிறது. பழனி ரோட்டில் ஓடுகிற வண்டி ஒவ்வொன்றும் என்றைக்காவது சீட் கிழிந்து என்னிடமோ என்னைப்போல ஒருவரிடமோ வந்துதான் ஆகவேண்டும். மற்றக் கடைக்காரர்களிடமும் சொல்லி வைத்துவிட்டேன். அளவெடுக்கும் முன்னால் கேட்போம்: தை மாதத்தில் அந்தப் பாலத்துக்கிட்ட யாருக்காவது லைட் அடிச்சீங்களா? ஆமாம் என்கிற ஆள் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். முழங்கால் போனாலும் கேட்பேன், கண் மங்கினாலும் கேட்பேன். அந்த ஆளைக் கையைப் பிடித்துச் சாட்சிக் கூண்டு வரை கூட்டிக்கொண்டு போகிறேன், சவரி. இது சத்தியம்.

உன்னோடு பிறந்து, உனக்காக வாய்தாவுக்கு அலைகிற
அக்கா,
ஆரோக்கியமேரி