சுத்தமா எடுத்துட்டேன்

என் செல்லப் பாப்பாவுக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் குறையில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். உன் இருமல் நின்றதா? வெந்நீர் குடி என்றால் சரி சரி என்று சொல்லிவிட்டுப் பச்சைத் தண்ணீரைக் குடிக்கிறவள் நீ, எனக்குத் தெரியாதா. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. சமையலறைக் குழாயை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டோம், இப்போது ஒழுகுவதில்லை, ஆனால் திறந்தால் விசில் அடிக்கிறது. போன மாதம் நீ போனில் ‘ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு’ என்று கேட்டபோது ஜலதோஷம் என்று சொன்னேனே, அது ஜலதோஷம் இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது, அதனால்தான் இப்போது எழுதுகிறேன், பதறாமல் படி.

சலவைக் கடையில் கறை எடுக்கும் மேசை என்னுடையது, அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பதும் உனக்குத் தெரியும். டாக்டர் வீட்டு அம்மா ஒரு சாம்பல் நிறக் கோட்டைச் சலவைக்குக் கொடுத்திருந்தார், காலரில் காப்பிக் கறை. மெனக்கெட்டு எடுத்தேன், கோட்டும் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்று மதியம் அவரிடமிருந்து கடைக்குப் போன். என் கையெல்லாம் சோப்பு, அதனால் கல்லாவில் இருக்கும் பெண் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள். ‘அந்தக் காலர்ல இருந்ததை எடுத்தீங்களா?’ என்று கேட்டார். நான் பெருமை பொங்க, ‘எடுத்துட்டேம்மா, சுத்தமா எடுத்துட்டேன், இருந்த இடமே தெரியாது, கவலையே படாதீங்க’ என்றேன். அவர் கேட்டது கறையை இல்லை பாப்பா, காலரில் குத்தியிருந்த கல் வைத்த பின்னை. காலமாகிவிட்ட அவருடைய அம்மா போட்டிருந்ததாம். அப்படி ஒன்றை நான் கண்ணாலும் பார்க்கவில்லை, ஆனால் முதலாளி, இஸ்திரிக்காரர், துணி வாங்க வந்து நின்றவர்கள் எல்லாருமே என் வாயால் கேட்டுவிட்டார்களே. கறையைத்தான் சொன்னேன் என்று விளக்கினேன். இஸ்திரிக்காரர் ‘கறைதான், கறைதான்’ என்று சொல்லிக்கொண்டே பெட்டியை அழுத்தித் தேய்த்தார். மறுபடி விளக்கினேன், கல்லாப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். விளக்க விளக்க எனக்கே என் பேச்சு திருட்டுப் பேச்சாகக் கேட்டது.

நீ கல்லூரியில் பாடம் நடத்துகிற பழைய பிரெஞ்சுக் கதைகளை எனக்குச் சொல்லுவாயே, ஏதோ ஒரு சின்னப் பொருள் காணாமல் போகும், யார் தலையிலோ பழி விழும், அந்த ஆள் எத்தனை சத்தியம் செய்தாலும் ஊர் நம்பாது என்று. அப்போதெல்லாம் நான் உன்னிடம் சண்டைக்கு வருவேன், அவன் என்ன வாயில்லாப் பூச்சியா, தெளிவாகச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வாய் இருந்ததால்தான் எனக்கு வினையே வந்தது. முதலாளி என்னை மேசையிலிருந்து தூக்கிப் பின்கட்டில் ஓட்டல் துண்டுகளை மடிக்கப் போட்டார், அந்தக் கல் பின் கிடைக்காவிட்டால் வேறு ஆள்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்று என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். பள்ளிக்கூட வாட்ச்மேன், கிழிசலைத் தவிர எதுவும் இருந்திராத தன் கால்சட்டைப் பைகளை என் கண்ணெதிரே வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத் துணியைக் கொடுத்தார். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. உங்கள் அப்பா என்ன செய்தார் தெரியுமா, டீயை ஆற்றிக் கொடுத்துவிட்டு, மெதுவாக, ‘ஒருவேளை தெரியாம துணியோட துணியா நம்ம வீட்டுக்கு வந்திருக்குமோ’ என்று கேட்டார். அன்பாகத்தான் கேட்டார். எல்லாவற்றையும்விட அதுதான் அதிகமாக வலித்தது. நீயும் அப்படி ஒரு கேள்வி கேட்டுவிடுவாயோ என்ற பயத்தில்தான் உனக்கு ஜலதோஷக் கதை சொன்னேன்.

அப்புறம்தான் உன் அத்தை வந்தாள். அவள் வீட்டுத் திரைச்சீலை நிறத்தைப் பற்றி நான் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பிறகு என்னிடம் பேசுவதாக இருந்தால்கூட அப்பாவைத் தூது அனுப்புகிறவள். கடையில் கூட்டம் நெரியும் நேரமாகப் பார்த்து வந்தாள், கையில் அவளுடைய புது வெளிர் நிறக் கோட்டு, மார்பில் டீக்கறை. அந்தக் கறையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, தவறிக் கொட்டின டீ தெறித்திருக்கும், இது நிதானமாக ஊற்றினது. கல்லாப் பெண்ணிடம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, ‘உள்பையில என் தங்க வளையல் இருக்கு. மறந்து வைக்கல, வேணும்னேதான் வச்சிருக்கேன். கோட்டை என் அண்ணிகிட்ட குடுங்க, வேற யாரும் தொடக்கூடாது’ என்றாள். நான் பின்கட்டு வாசலில் துண்டுக் கட்டோடு நிற்கிறேன், என்னை ஒரு பார்வை பார்க்கவில்லை, விறுவிறு என்று போய்விட்டாள். முதலாளிக்கு வேறு வழியில்லை, என்னை மேசைக்குக் கூப்பிட்டார். அந்தப் பிரெஞ்சுக் கதைகளில் இருந்தவர்களுக்கு நாத்தனார் இல்லை போலிருக்கிறது, பாவம்.

அது நடக்கும்போது அந்தக் கல் பின் இன்னும் கிடைக்கவில்லை என்பதை நீ கவனிக்க வேண்டும். பிறகுதான் கிடைத்தது, டாக்டர் வீட்டு அம்மாவின் மப்ளர் மடிப்பில் மாட்டிக்கொண்டிருந்ததாம். மறைக்காமல் அவரே நேரில் வந்து எல்லார் முன்னாலும் சொன்னார், என் கையைப் பிடித்துக்கொண்டார், அந்தப் பெரிய மனசுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன். முதலாளி எனக்குப் புது நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார். இஸ்திரிக்காரர் நான் அப்போதே நம்பினேன் என்கிறார், போகட்டும், சந்தோஷம். உன் அப்பா கேட்காமலே தினமும் வெங்காயம் உரித்துக் கொடுக்கிறார், அதை நான் தடுக்கவில்லை.

கோட்டையும் வளையலையும் நானே அத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எப்படி நம்பினாய், அண்ணனே ஒரு நிமிஷம் தடுமாறிவிட்டாரே என்று கேட்டேன். அவள் வளையலைக் கையில் மாட்டிக்கொண்டே, ‘உங்ககிட்ட குத்தம் கண்டுபிடிக்கிறதுதானே அண்ணி இத்தனை வருஷமா எனக்கு வேலை. உங்களுக்குக் கை சுத்தமில்லன்னா, அதை நான் கண்டுபிடிக்காம டாக்டர் வீட்டு அம்மாவா வந்து கண்டுபிடிக்கணும்?’ என்றாள். நான் அவள் வீட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன் பாப்பா. இத்தனை காலம் எனக்கு எதிரி என்று நினைத்திருந்தவள், என்னை அணு அணுவாகப் பார்த்து வைத்திருக்கிறாள்.

நீயும் மாப்பிள்ளையும் நல்ல பெயரோடும் நல்ல மனிதர்களோடும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். உடம்பைப் பார்த்துக்கொள், வெந்நீரை மறக்காதே. இந்த வாரமே அத்தைக்கு ஒரு கடிதம் போடு. அம்மா நன்றி சொல்லச் சொன்னாள் என்று மட்டும் எழுதிவிடாதே, அதை நானேதான் சொல்ல வேண்டும், இன்னும் வாய் வரவில்லை.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா