கோட்டு போட்ட அப்பா

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. என் டீக்கடையில் ஆளே இல்லை. படகுக்கு ஓடுகிறவர்கள் நாலு பேர், அவ்வளவுதான்.

வெட்கம்தான், இருந்தாலும் எழுதி வைக்கிறேன். நேற்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அப்பாவின் மவுத் ஆர்கனை ஊதிப் பார்த்தேன். பேரன் எடுக்கிற வயசில். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து வங்காளி தீதி, "க்யா ஹுவா? குக்கர் கராப் ஹோ கயா?" குக்கர் கெட்டுப்போச்சா என்று அவ்வளவு அக்கறை. "ஹாங் தீதி, கேஸ்கெட் போச்சு" என்றேன். இன்று காலை ஒரு பழைய கேஸ்கெட்டோடு வந்து நின்றாள். வாங்கி வைத்திருக்கிறேன்.

ஞாயிறு அப்பாவுக்குத் தலைத்திவசம். சுவரில் மாட்ட ஒரு படம் கிடையாது. இந்தத் தீவு ஈரத்துக்குப் பழைய படம் எல்லாம் பூஞ்சணம் தின்றாச்சு. மிச்சம் இரண்டு. ஒன்று ஆதார் கார்டு. இன்னொன்று மலைமேல் யாரோ டூரிஸ்ட் எடுத்துக் கொடுத்தது. பாறையில் உட்கார்ந்து பாஜா ஊதுகிறார் (மவுத் ஆர்கனை அப்பா அப்படித்தான் சொல்வார்). கண் இரண்டும் சிரிக்கிறது.

திக்லிபூரில் இருந்து அண்ணன் போன்.

"அதை மாட்டாத பாப்பா. சோளக்கதிர் கடிக்கிற மாதிரி இருக்கு. நாலு பேர் வர்ற வீடு. ஸ்டுடியோவுல சொல்லி பாஜாவ எடுத்துட்டு ஒரு கோட்டு போடச் சொல்லு."

"சட்டைக்கே பட்டன் போடாத மனுஷன். கோட்டாண்ணே?"

"சொன்னா கேளு. இல்லேன்னா நான் வந்து என்னத்துக்கு?"

வைத்துவிட்டான். போன வருஷம் மழையில் ரோடு அடைத்துக்கொண்டது. அவன் வந்து சேர்வதற்குள் அப்பாவை எரித்து முடித்துவிட்டோம். முகம் பார்க்கவில்லை. அதற்கப்புறம் இந்தப் பக்கமே வரவில்லை. இந்தத் தடவையாவது வரவேண்டும். கோட்டு போட்டால் வருவான் என்றால் போட்டுவிட்டுப் போகிறது.

ஜூலை 9, புதன்

படகில் சாத்தம் துறைக்குப் போனேன். அங்கிருந்து டெலானிபூர் ஸ்டுடியோ. ஸ்டுடியோக்காரர் தெலுங்கு, தமிழ் நன்றாக வருகிறது.

"அக்கா, பாஜாவ எடுத்தா அங்க ஓட்டைதான். வாய் வேணுமே."

ஆதார் வாயை ஒட்டிப் பார்த்தார். அதில் அப்பா வாயை இறுக்கி மூடியிருக்கிறார். மேலே கண் சிரிக்கிறது, கீழே வாய் சண்டை பிடிக்கிறது.

"நஹி சலேகா, ஒத்துவராது. மகன் உண்டா? அப்பா ஜாடையா?"

அப்படியே உரித்து வைத்த ஜாடை. என் போனில் அண்ணன் மகள் கல்யாணத்துப் படம் இருந்தது. அதில் அப்பா முதுகு மட்டும்தான். பாயசம் குடித்த கையோடு அண்ணன் வாய்விட்டுச் சிரிக்கிறான். கொடுத்துவிட்டேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

கோட்டு நீலம். டை வேண்டாம் என்றேன். "டை ஃப்ரீ அக்கா" என்றார். சரி என்றேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

வாங்க: சூரை மீன், வாழை இலை, அப்பாவுக்குப் பீடி, பூ (கப்பலில் வராது, பிளேனில் வந்தால் உண்டு), ஊறுகாய்க்கு நல்லெண்ணெய்.

அப்பா ரோடு போடுகிற மஜ்தூர். வாரம் முழுக்கக் காட்டுக்குள் ரோடு போடுவார். ஞாயிறு வந்தால் எங்களையும் இழுத்துக்கொண்டு அதே காட்டுக்குள் போவார். அம்மா கிடையாது, வீட்டில் விட ஆள் இல்லை என்பார். அது பேச்சுக்கு. கூரைக்குக் கீழே அவருக்கு இருப்புக் கொள்ளாது. காலில் அட்டை ஏறினால் வைக்க உப்பு முடிச்சு இடுப்பில். முன்னால் பாஜா ஊதிக்கொண்டே போவார். எங்களுக்கு ஒரே சட்டம். சத்தம் வருகிற பக்கம் நட. சத்தம் நின்றால் நின்ற இடத்தில் நில், நான் வந்து கூட்டிக்கொள்கிறேன்.

அண்ணன் பயந்தாங்கொள்ளி, அப்பா சட்டையை விடமாட்டான். நான் வேண்டுமென்றே பின்தங்குவேன். ஒரு தடவை சத்தம் நின்றுவிட்டது. நானும் நின்றேன். வந்தார்.

"பயந்துட்டியா?"

"இல்லப்பா. பாட்டு நல்லால்ல, அதான் நின்னுட்டேன்."

அதற்குப் பிறகு வீடு வரைக்கும் ஊத முடியவில்லை அவருக்கு. சிரிப்பு.

சத்தம் நின்று இப்போது ஒரு வருஷம். நானும் கடையிலேயே நின்றுவிட்டேன்.

ஜூலை 12, சனி

படம் வந்தது. அப்பா கப்பல் முதலாளி மாதிரி இருக்கிறார். படகில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஒருத்தி, "யாரு, கேப்டனா?" ஆமாம் என்றேன்.

அண்ணனும் அண்ணியும் சாயங்காலம் வந்தார்கள். செருப்பைக் கூடக் கழற்றாமல் படத்துக்கு முன்னால் போய் நின்றான்.

"இந்தச் சிரிப்பு... இதே சிரிப்பு பாப்பா. அப்பா அப்படியே இருக்காரு."

வாயைத் தொட்டுப் பார்த்தான். அழுதான். துண்டால் பொத்திக்கொண்டு அழுததால் இரண்டு வாயையும் ஒத்துப் பார்க்க முடியவில்லை.

அண்ணி படத்தைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷம் அந்த வாய்க்குச் சோறு போட்டவள் அல்லவா. அடுக்களைக்கு வந்து, "இந்த வாயை எங்கயோ பாத்திருக்கேனே?"

"தினம் பாக்குறதுதான் அண்ணி."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம்.

"சொல்லிராதீங்க அண்ணி."

"நான் ஏன் சொல்றேன்? ஒரு வருஷமா இந்த மனுஷன் சிரிக்கல. செவுத்துலயாவது சிரிக்கட்டும்."

ஜூலை 13, ஞாயிறு

படையல் ஆச்சு. காக்கா தாமதம். அண்ணன் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. பீடியை மட்டும் காற்று கொண்டுபோனது, அப்பா வந்துவிட்டார் என்று அண்ணி சொன்னாள்.

அண்ணன்: "படத்தை நான் எடுத்துட்டுப் போறேன் பாப்பா. நான்தான முகம் பாக்கல."

"எடுத்துக்கோ."

"உனக்கு?"

"எனக்கு சோளக்கதிர் அப்பா போதும்."

சாயங்காலம் அவனாகவே பாஜாவை எடுத்து ஊதினான். என்னைவிட மோசம். சுவருக்கு அந்தப் பக்கம் தீதி, அந்த கேஸ்கெட்டை இன்னும் போடவில்லையா என்று சத்தம் போட்டாள். குக்கர் விஷயத்தை அவனிடம் சொன்னேன். அண்ணன் வாய்விட்டுச் சிரித்தான். நான் சுவரில் இருக்கிற படத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் மாட்டிக்கொள்வேன்.

ஜூலை 15, செவ்வாய்

தூறல். விடிகாலை பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். படத்தைப் பழைய சேலையில் சுற்றிப் பையில் வைத்தேன். மேலே மீன் ஊறுகாய் பாட்டில். என் கையால்தான் வைத்தேன். பாஜாவும் அவனிடம்தான், பழகிக்கொண்டு வரட்டும்.

ராத்திரி போன். பஸ் குலுக்கலில் மூடி கழன்றுவிட்டதாம். எண்ணெய் ஃப்ரேமுக்குள் இறங்கி கோட்டு போச்சு, டை போச்சு, நெற்றியும் போச்சாம். வாய் மட்டும் தப்பித்ததாம். "அப்பா சிரிப்புக்கு ஒண்ணும் ஆகல பாப்பா" என்றான்.

மிச்ச ஊறுகாயைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டானாம். உப்பு கொஞ்சம் கம்மியாம்.