விறகு அடுப்பா, கேஸ் அடுப்பா என்று கேட்டார்கள்

என் பார்வதி,

உடம்பு அலுத்துப்போய் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீ போனபிறகு அடுப்படி என் பொறுப்பாகிவிட்டது. விடிந்ததும் ரப்பர் பால் வெட்டப் போய், மத்தியானம் லயத்து வீட்டுக்குத் திரும்பி, அப்புறம் விறகை மூட்டி ஊத வேண்டும். நீயும் மலைக்கு வேலைக்குப் போய்வந்து இதையெல்லாம் எப்படித்தான் செய்தாயோ?

ஞாயிற்றுக்கிழமை நம் மகள் சாந்தி வந்திருந்தாள். அவிசாவளை கார்மன்ட்ஸ் பேக்டரியில்தான் இன்னும் வேலை. சட்டியில் தீய்ந்து ஒட்டிய முட்டையை நான் சுரண்டுவதைப் பார்த்துவிட்டு, "வாங்கப்பா, புதுசா ஒரு சட்டி வாங்குவோம்" என்று தெஹியோவிட்ட டவுனுக்குக் கூட்டிப்போனாள்.

கடையில் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று நான்ஸ்டிக். லேசு, எதுவும் ஒட்டாது. ஆனால் தீ கூடினால் பூச்சு உரிந்துவிடுமாம். மற்றது ஹார்ட் அனோடைஸ்ட் அலுமினியம். கருஞ்சாம்பல் நிறம், நல்ல கனம். கொஞ்சம் ஒட்டும், ஆனால் எவ்வளவு தீயையும் தாங்கும், வருஷக்கணக்கில் உழைக்கும்.

"விறகு அடுப்பா, கேஸ் அடுப்பா?" என்று கடை முதலாளி சிங்களத்தில் கேட்டார்.

நான் விறகு என்றேன். அதே வேகத்தில் சாந்தி கேஸ் என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அவளை வெளியே கூட்டிவந்தேன்.

"நம்ம வீட்டுல ஏது புள்ள கேஸு?"

"அவிசாவளையில ரூம் எடுத்திருக்கேன்பா. கேஸும் வாங்கிட்டேன். நீங்க அங்க வந்திருங்க."

"என்னைய வச்சிக்கிட்டு நீ எதுக்குக் கஷ்டப்படணும்? உங்கம்மாவ இங்கதானே பொதைச்சிருக்கு. நான் இங்கேயே இருந்துக்கிறேன்."

அவள் பஸ்களைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஒங்களப் பாத்துக்கிறதுக்கு இல்லப்பா கூப்பிடுறேன். ஓவர்டைம் முடிஞ்சு வந்தா நிக்கவே ஏலாது. பிஸ்கட்டத் தின்னுட்டுப் படுத்திர்றேன். அன்னைக்கு மெஷின்லயே மயங்கி விழுந்துட்டேன். எனக்கு யாராச்சும் சோறாக்கி வைக்கணும்பா."

அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். நீ கடைசியில் படுத்திருந்தபோது உன் கை எப்படி மெலிந்திருந்ததோ அப்படியே இருந்தது. மயங்கி விழுந்ததை எத்தனை நாள் மனசிலேயே வைத்திருந்தாளோ? நீ இருந்திருந்தால் உன்னிடமாவது சொல்லியிருப்பாளா?

திரும்பக் கடைக்குள் போய் இரண்டையும் தூக்கிப் பார்த்தேன். பால் வெட்டுகிற கத்தியைப் பிடித்துப் பிடித்து என் வலது மணிக்கட்டு விட்டுப்போயிருக்கிறது. கனமானதைத் தூக்கிச் சரிக்க முடியவில்லை. இனி கேஸ் அடுப்புதானே என்று நான்ஸ்டிக்கையே எடுத்துக்கொண்டேன். "தீயைக் குறைச்சு வைங்க, மரக்கரண்டி போடுங்க" என்றார் முதலாளி. சரி என்று தலையாட்டினேன்.

தோட்டத்து வேலைக் கணக்கில் என் பேரை வெட்டச் சொல்லிவிட்டேன், பார்வதி. மாசக் கடைசியில் நாம் குடியிருந்த லயக் காம்பராவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். உன்னை ரப்பர் மரங்களுக்கு நடுவே விட்டுவிட்டுப் போகிறேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அழக்கூடத் தெம்பில்லை. கோபித்துக்கொள்வாயா?

லீவு கிடைக்கிறபோதெல்லாம் அவளையும் கூட்டிக்கொண்டு உன்னிடம் வருவேன். நான் இருக்கிறவரை நம் பிள்ளை ஒரு நாளும் பசியோடு படுக்க மாட்டாள். இது உனக்குத் தருகிற சத்தியம்.

உன் வீட்டுக்காரன்,
சாந்தியின் அப்பா